ஹெலிகாப்டரில் வருவது யார்?

செந்தூலிலிருந்து ஒரு தந்தை எழுதியிருந்தார். அவர் மகள் அவசர மருத்துவ உதவியாளர் டிப்ளோமா படிக்கிறாள். விபத்து நடந்த இடத்துக்கே ஹெலிகாப்டரில் மருத்துவரை அனுப்பும் குழுக்களைப் பற்றி எங்கோ படித்ததிலிருந்து, அந்தத் துறையில் ஆராய்ச்சி செய்ய வேண்டும் என்று ஒரே பிடியாக நிற்கிறாளாம். "அரசாங்கம் பணம் போட்டு ஹெலிகாப்டர் வாங்கினால் முடிந்தது. இதில் ஆராய என்ன இருக்கிறது? நம் ஊரில் அந்தச் சேவையே பெரிதாக இல்லாதபோது இவள் எதைப் படிப்பாள்?" என்பது அவர் கேள்வி. கோலாலம்பூரில் அவசர சிகிச்சைப் பிரிவில் நெடுங்காலமாக வேலை செய்பவன் என்ற முறையில் பதில் சொல்கிறேன். கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள். கேள்வி பெரியது.

முதலில், ஹெலிகாப்டர் ஒரு வண்டி. அது யாரை, என்னென்ன சாமான்களோடு, எத்தனை நிமிடத்தில் காயம்பட்டவரிடம் கொண்டுபோய் இறக்குகிறது என்பதுதான் விஷயம். 1989இல் தொடங்கிய லண்டன் ஏர் ஆம்புலன்ஸைப் பாருங்கள். ஒரு மருத்துவரும் ஒரு பாராமெடிக்கும் ராயல் லண்டன் மருத்துவமனையின் கூரையிலிருந்து பறந்து போகிறார்கள். ஆனால் அவர்கள் பார்க்கும் நோயாளிகளில் பெரும்பாலோர் மருத்துவமனைக்கு வருவது சாதாரண ஆம்புலன்ஸில், சாலை வழியாகத்தான். மருத்துவரும் அதே வண்டியில் ஏறிக்கொள்வார். இரவில் அவர்கள் பறப்பதில்லை, காரில் போகிறார்கள். அந்தச் சேவைக்கு உலகம் முழுக்கக் கிடைத்த பெயர், அந்த இருவர் சாலையோரத்தில் முழங்காலிட்டுச் செய்யும் வேலைக்குக் கிடைத்தது.

கோலாலம்பூர் நகருக்குள் யோசித்தால் இது இன்னும் தெளிவாகும். மாலை ஐந்தரை மணிக்குக் கூட்டரசு நெடுஞ்சாலையில் ஒரு மோட்டார் விபத்து. ஹெலிகாப்டர் எங்கே இறங்கும்? மேம்பாலங்கள், மின்கம்பிகள், எல்ஆர்டி தண்டவாளம், போதாததற்கு அந்த நேரத்து இடிமழை. மருத்துவமனைகளோ சில கிலோமீட்டர் தூரத்தில்தான் இருக்கின்றன. இங்கே நமக்கு வேண்டியது அந்தக் குழுவின் திறமை. அது மோட்டாரில் வந்தாலும் காரில் வந்தாலும் பலன் தரும்.

நகரத்தை விட்டு வெளியே போனால் கணக்கு மாறுகிறது. 2025 ஜூன் 9ஆம் தேதி, கெரிக் அருகே கிழக்கு மேற்கு நெடுஞ்சாலையில் பேருந்து கவிழ்ந்து சுல்தான் இட்ரிஸ் கல்வியியல் பல்கலைக்கழக மாணவர்கள் 15 பேர் இறந்ததை யாரும் மறந்திருக்க மாட்டோம். நள்ளிரவுக்குப் பின், மலைக்காட்டுச் சாலை, பெரிய மருத்துவமனைகள் வெகு தூரத்தில். ஹெலிகாப்டர் இருந்திருந்தால் பிழைத்திருப்பார்கள் என்று நான் சொல்லவில்லை. அந்த இருட்டில் மலைக்கு மேல் பறப்பதே பெரிய ஆபத்து. ஆனால் தூரமும் நேரமும் அங்கே எப்படிக் குறுக்கே நிற்கின்றன என்பதை அந்த இரவு காட்டியது. சரவாக்கில் 1973 முதலே பறக்கும் மருத்துவர் சேவை இருக்கிறது. சாலையே இல்லாத நீள்வீடுகளுக்கு அதுதான் வழி. தீபகற்பத்தில் தீயணைப்பு மீட்புத் துறையின் வான்பிரிவும் ஆகாயப் படையும் தேவைப்படும்போது நோயாளிகளை ஏற்றி வருகின்றன. ஆகவே "சேவையே இல்லை" என்பது முழுக்கச் சரியில்லை. ஆனால் மருத்துவக் குழுவோடு எந்நேரமும் தயாராக நிற்கும் ஹெலிகாப்டர்கள் ஒரு வலையமைப்பாக இங்கே இல்லை என்பது உண்மை.

இனி ஆராய்ச்சிக்கு வருகிறேன். "பொன்னான ஒரு மணி நேரம்" என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். அடிபட்டவருக்கு ஒரு மணி நேரத்துக்குள் தக்க சிகிச்சை கிடைத்தால் பிழைக்கும் வாய்ப்பு அதிகம் என்று அமெரிக்காவின் பால்டிமோரில் அறுவை மருத்துவர் ஆடம்ஸ் கவுலி பரப்பிய கருத்து அது. மேரிலாந்து மாநிலப் போலீஸ் ஹெலிகாப்டர்கள் 1970இல் காயம்பட்டவர்களைத் தூக்கி வரத் தொடங்கியதும் அவர் முயற்சியால்தான். நல்ல கருத்து, நிறைய உயிர்களைக் காத்த கருத்து. ஆனால் 60 நிமிடம் என்ற அந்த எண்ணுக்கு அடித்தளம் உறுதியாக இல்லை. 2010இல் வட அமெரிக்காவில் 146 அவசர சேவைகளிலிருந்து, படுகாயமடைந்த 3,656 பேரின் விவரங்களைத் திரட்டிப் பார்த்தபோது, மருத்துவமனை சேர ஆன நேரத்துக்கும் இறப்புக்கும் நேரடித் தொடர்பு தென்படவில்லை. வேகம் தேவையில்லை என்று இதற்குப் பொருள் கொள்ளக் கூடாது. வயிற்றுக்குள் இரத்தம் கொட்டுகிறவருக்குப் பத்து நிமிடமே நீண்ட காலம். தொடையெலும்பு முறிந்து, இரத்தப்போக்கு கட்டுக்குள் இருப்பவருக்கு ஒன்றரை மணி நேரம்கூடத் தாங்கும். எல்லோரையும் சேர்த்துச் சராசரி எடுத்தால் இருவரும் மறைந்துவிடுகிறார்கள். யாருக்கு எந்த நிமிடம் முக்கியம் என்று பிரித்தறிவதுதான் கேள்வி. 2011இல் ஐரோப்பிய நிபுணர்கள் கூடி இந்தத் துறையில் முதலில் ஆராய வேண்டிய ஐந்து பொருள்களை முடிவு செய்தார்கள். முக்கியமான ஒவ்வொரு சிகிச்சைக்கும் உரிய கால அளவு எது என்பது அதில் ஒன்று. குழுவில் யார் இருக்க வேண்டும், சுவாசப் பாதையை எப்படிக் காப்பது, கையடக்க அல்ட்ராசவுண்ட் உதவுமா, எந்த அழைப்புக்குக் குழுவை அனுப்புவது ஆகியவை மற்றவை.

இரத்தப்போக்கை எடுத்துக்கொள்வோம். டிரானெக்சாமிக் அமிலம் என்று இரத்தப்போக்கைக் குறைக்கும் ஒரு மருந்து. 1962இல் ஜப்பானில் ஊட்டாகோ ஒக்கமோட்டோ என்ற பெண் விஞ்ஞானியும் அவர் கணவரும் கண்டுபிடித்தது. பிரசவத்துக்குப் பின் இரத்தம் நிற்காமல் இறக்கும் தாய்மாரைக் காப்பாற்ற வேண்டும் என்பதே அந்த அம்மையாரின் நோக்கம். உங்கள் மகள் அவரைப் பற்றித் தேடிப் படிக்க வேண்டும். 2010இல் வெளியான கிராஷ் 2 ஆய்வில் 40 நாடுகளில் 20,000க்கும் மேற்பட்ட விபத்து நோயாளிகளுக்கு இதைச் சோதித்தார்கள். இறப்பு 16 விழுக்காட்டிலிருந்து 14.5 விழுக்காட்டுக்கு இறங்கியது. விலை குறைந்த மருந்து, சிறிய பாட்டில். ஆனால் அடுத்த ஆண்டு அதே தரவை நுணுக்கமாகப் பார்த்தபோது ஒன்று தெரிந்தது: அடிபட்டு மூன்று மணி நேரத்துக்குள் கொடுத்தால்தான் பலன், அதைத் தாண்டினால் கெடுதலும் வரலாம். தலைக்காயத்துக்கு இதையே சோதித்த கிராஷ் 3 ஆய்வில் மலேசிய மருத்துவமனைகளும் பங்கெடுத்தன. நம் மக்களும் அந்த அறிவுக்குத் தங்கள் பங்கைக் கொடுத்திருக்கிறார்கள்.

அப்படியென்றால் மருத்துவமனை வரும் வரை காத்திருக்காமல் சாலையிலேயே, ஹெலிகாப்டரிலேயே கொடுத்தால்? இதைத்தான் ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, ஜெர்மனி மூன்றும் சேர்ந்து செய்த பேட்ச் ஆய்வு கேட்டது. 2023இல் முடிவு வந்தது. 28 நாள்களுக்குள் இறந்தவர்கள் மருந்து பெற்றவர்களில் 17.3 விழுக்காடு, பெறாதவர்களில் 21.8 விழுக்காடு. ஆனால் ஆறு மாதம் கழித்து நல்ல நிலையில் வாழ்பவர்களைக் கணக்கிட்டால் இரு பக்கமும் ஏறக்குறைய 54 விழுக்காடுதான். கூடுதலாகப் பிழைத்தவர்களில் பலர் கடும் ஊனத்தோடு வாழ்கிறார்கள் என்று பொருள். எனக்கு இந்த ஆய்வின் மேல் தனி மரியாதை உண்டு. உயிர் இருக்கிறதா என்பதோடு நிறுத்தாமல், அந்த மனிதர் எழுந்து நடக்கிறாரா, தானே சாப்பிடுகிறாரா, வேலைக்குப் போகிறாரா என்று ஆறு மாதம் கழித்துப் போய்க் கேட்டார்கள். ஐசியூ வாசலில் நிற்கும் குடும்பத்தார் நம்மிடம் கேட்பதும் அதையேதான்.

அடுத்தது இரத்தம். லண்டன் குழு 2012 முதல் இரத்தப் பைகளைக் கூடவே எடுத்துச் செல்கிறது. எடுத்துச் சென்றால் நல்லது என்று யாருக்கும் தோன்றும். சோதித்தபோது பதில்கள் ஒன்றோடொன்று ஒத்துப்போகவில்லை. 2018இல் அமெரிக்காவில் பாம்ப்பர் ஆய்வு: ஹெலிகாப்டரில் வந்த 501 பேர், ஏறக்குறைய பாதிப் பேருக்குப் பயணத்திலேயே பிளாஸ்மா, அதாவது இரத்தத்தின் திரவப் பகுதி. முப்பது நாளில் இறப்பு 33 விழுக்காட்டிலிருந்து 23.2க்குக் குறைந்தது. பெரிய வித்தியாசம். அதே ஆண்டு டென்வர் நகரில் சாலை ஆம்புலன்ஸில் இதே சோதனை, 125 பேர்: பலன் ஏதும் தென்படவில்லை. 2022இல் பிரிட்டனில் ரீஃபில் ஆய்வு, 432 பேருக்குச் சிவப்பணுவும் உலர் பிளாஸ்மாவும் ஒரு பக்கம், வெறும் உப்புநீர் மறுபக்கம்: அங்கும் வேறுபாடு இல்லை.

இப்படி முரண்படும்போது பலர் "ஆராய்ச்சியே இப்படித்தான், ஆளுக்கொன்று சொல்வார்கள்" என்று விட்டுவிடுகிறார்கள். சுவாரஸ்யமே இங்கேதான் தொடங்குகிறது. இரு அமெரிக்க ஆய்வுகளின் தரவையும் ஒன்றாகச் சேர்த்துப் பார்த்தவர்கள், மருத்துவமனைக்குப் போக 20 நிமிடத்துக்கு மேல் ஆனவர்களிடம்தான் பிளாஸ்மாவின் பலன் தெரிகிறது என்று கண்டார்கள். டென்வரில் மருத்துவமனை பக்கம். பிளாஸ்மா வேலை செய்யத் தொடங்குவதற்குள் நோயாளி அறுவை மேசைக்குப் போய்விடுகிறார். இதை நம் ஊருக்குப் பொருத்திப் பாருங்கள். ஜாலான் ஈப்போவில் நடக்கும் விபத்துக்கும் கெரிக் மலையில் நடக்கும் விபத்துக்கும் ஒரே விடை இருக்க முடியாது. லண்டன் செய்தது, அமெரிக்கா செய்தது என்று அப்படியே இறக்குமதி செய்யாமல், நம் தூரங்களையும் நம் நெரிசலையும் வைத்து நாமே அளந்தாக வேண்டும்.

இரத்தத்தில் நமக்கென்றே இன்னொரு கேள்வியும் உண்டு. வெளிநாடுகளில் அவசரத்துக்கு, யாருக்கும் கொடுக்கக்கூடிய ஓ நெகட்டிவ் இரத்தம் கொண்டுபோவது வழக்கம். மலாய்க்காரரிடமும் சீனரிடமும் ஆர்எச் நெகட்டிவ் மிக அரிது. இந்தியரிடம் சற்றுக் கூடுதல், அவ்வளவுதான். தேசிய இரத்த மையத்தின் கையிருப்பில் அது எப்போதும் அருமையான பொருள். அதைப் பெட்டியில் வைத்து, முப்பது பாகைக்கு மேல் வெயில் அடிக்கும் ஊரில் நாள் முழுக்கக் குளிரில் காப்பாற்றி, பயன்படாதபோது வீணாகாமல் திருப்பிக் கொடுக்க வேண்டும். ஆண்களுக்கு ஓ பாசிட்டிவ் கொடுத்தால் போதாதா, கருவுறும் வயதுப் பெண்களுக்கு மட்டும் நெகட்டிவை ஒதுக்கலாமா, பெட்டியின் குளிர் எத்தனை மணி நேரம் நிற்கும்? இவையெல்லாம் ஹெலிகாப்டர் வாங்காமலே இன்றைக்கே ஆராயக்கூடியவை.

நான் மிகவும் அக்கறை கொண்டது தலைக்காயம். நம் நாட்டில் ஆண்டுதோறும் ஆறாயிரத்துக்கும் மேற்பட்டோர் சாலையில் இறக்கிறார்கள். அவர்களில் பெரும்பாலோர் மோட்டார் ஓட்டுபவர்களும் பின்னால் உட்கார்ந்து போனவர்களும். நம் இளைஞர்கள் எத்தனை பேர் அதில் போயிருக்கிறார்கள் என்று உங்களுக்கே தெரியும். மயங்கிக் கிடப்பவரின் மூச்சுக்குழாயில் குழாய் இறக்கிச் செயற்கைச் சுவாசம் கொடுப்பது ஏர் ஆம்புலன்ஸ் குழுக்களின் முதன்மையான சிகிச்சை. நல்லது போலத்தான் தெரிகிறது. ஆனால் அமெரிக்காவின் சான் டியாகோவில் பாராமெடிக்குகள் சாலையோரத்தில் இதைச் செய்தபோது, 2003இல் வந்த முடிவு அதிர்ச்சி தந்தது: குழாய் போட்டவர்களில்தான் இறப்பு அதிகம். குழாய் போடும்போது ஆக்சிஜன் இறங்கியதும், போட்டபின் பதற்றத்தில் மூச்சுக் கொடுக்கும் பையை வேகவேகமாக அழுத்தியதும்தான் காரணம் என்று பின்னர் ஆராய்ந்து கண்டார்கள். வேகமாக மூச்சுக் கொடுத்தால் கார்பன் டை ஆக்சைடு குறைந்து, மூளைக்குப் போகும் இரத்தக் குழாய்கள் சுருங்கிவிடும். 2010இல் ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில் நன்கு பயிற்சி பெற்ற பாராமெடிக்குகள் இதே வேலையைச் செய்தபோது, ஆறு மாதத்தில் நல்ல நிலைக்கு வந்தவர்கள் 39லிருந்து 51 விழுக்காடாக உயர்ந்தார்கள். ஒரே சிகிச்சைதான். செய்பவரின் பயிற்சியும் கட்டுப்பாடும்தான் வேறு.

பிறகு அமெரிக்காவின் அரிசோனாவில் ஒரு பெரிய வேலை நடந்தது. புது மருந்து இல்லை, புது கருவி இல்லை. ஆக்சிஜன் குறைய விடாதே, இரத்த அழுத்தம் இறங்க விடாதே, வேகமாக மூச்சுக் கொடுக்காதே, பெரியவர்களுக்கு நிமிடத்துக்குப் பத்து முறை போதும். மாநிலம் முழுவதும் தரை ஆம்புலன்ஸ், ஹெலிகாப்டர் என்று எல்லோருக்கும் இதையே சொல்லிக்கொடுத்தார்கள். 2019இல் முடிவு: கடுமையான தலைக்காயம் கொண்டவர்களின் பிழைப்பு வாய்ப்பு இரண்டு மடங்கானது. இதைப் படித்த நாளிலிருந்து எங்கள் பிரிவுக்கு வரும் ஒவ்வொரு இளம் மருத்துவ உதவியாளரிடமும் நான் சொல்வது இந்த மூன்றைத்தான். இறக்கையில்லாத எந்த ஆம்புலன்ஸிலும் செய்யலாம்.

சரி, ஹெலிகாப்டர் குழுவையே சோதித்தால் என்ன, பாதிப் பேருக்கு அனுப்பி, பாதிப் பேருக்கு அனுப்பாமல்? சிட்னியில் 2005இல் துணிந்து தொடங்கினார்கள். தலைக்காயம் என்று அழைப்பு வந்தால், குலுக்கல் போல் கணினி முடிவு செய்யும், மருத்துவரோடு ஹெலிகாப்டர் போகுமா, பாராமெடிக் மட்டும் போவாரா என்று. ஆண்டுகள் போகப் போக, அனுப்பக் கூடாது என்று விழுந்த நோயாளிகளுக்கும் வேறு வழியாக மருத்துவர்கள் போகத் தொடங்கினார்கள். சேவையின் அனுப்பும் விதிகளே மாறின. 2015இல் வெளியானபோது இரு பிரிவும் கலந்துபோய், வேறுபாடு உறுதியாகத் தெரியவில்லை. ஆய்வாளர்களைக் குறை சொல்ல முடியாது. கண் முன்னே ஒருவர் கிடக்கும்போது மருத்துவரை அனுப்பாதே என்று சொல்ல எத்தனை பேருக்கு மனம் வரும்?

ஆகவே பெரும்பாலும் பழைய பதிவுகளை வைத்து ஒப்பிடுகிறார்கள். 2012இல் அமெரிக்காவில் 2,23,475 பேரின் பதிவுகளைப் பார்த்து, ஹெலிகாப்டரில் வந்தவர்கள் பிழைக்கும் வாய்ப்பு சற்று அதிகம் என்றார்கள். இப்படிப்பட்ட முடிவுகளைப் படிக்கும்போது உங்கள் மகள் கண்ணை நன்றாகத் திறந்து வைத்துக்கொள்ள வேண்டும். ஹெலிகாப்டர் வருவதற்குள் இறந்துவிட்டவர்கள் எந்தக் கணக்கில்? ஹெலிகாப்டரை அழைத்தது யார், எப்படிப்பட்டவர்களுக்கு? பறந்து போன மருத்துவமனையே பெரிய மருத்துவமனை என்றால், காப்பாற்றியது பயணமா, மருத்துவமனையா?

சம்மதம் என்ற சிக்கலும் இருக்கிறது. நினைவில்லாமல் கிடப்பவரிடம் கையெழுத்து வாங்க முடியாது. குடும்பத்தைத் தேடிப் பிடிப்பதற்குள் நேரம் போய்விடும். அமெரிக்கா 1996இல் இதற்கென விதி வகுத்தது. முன்கூட்டியே ஊர் மக்களிடம் ஆய்வைப் பற்றிப் பேச வேண்டும், பிறகு நோயாளியிடமோ குடும்பத்திடமோ சொல்ல வேண்டும், வேண்டாம் என்றால் விலகிக்கொள்ள வழி வைக்க வேண்டும். நம் ஊரில் இப்படி ஒன்று நடந்தால், பத்து கேவ் தேர்க்கூட்டத்திலும் செந்தூல் அடுக்குமாடி வீடுகளிலும் போய்த் தமிழிலேயே விளக்கிச் சொல்ல ஆள் வேண்டும். காகிதத்தில் மலாயிலோ ஆங்கிலத்திலோ ஒட்டிவிட்டுப் போனால், தோட்டத்திலிருந்து வந்த ஒரு பாட்டிக்கு அது சொன்னதாகாது. இந்த வேலைக்கு உங்கள் மகளைப் போன்றவர்கள் தேவை என்று நான் மனமாரச் சொல்கிறேன்.

அவள் எங்கிருந்து தொடங்குவது? 999 அழைப்பிலிருந்து. லண்டனில் அனுபவமுள்ள பாராமெடிக் ஒருவர் கட்டுப்பாட்டு அறையில் உட்கார்ந்து, வரும் அழைப்புகளைக் கேட்டு, எதற்குச் சிறப்புக் குழு போக வேண்டும் என்று தேர்ந்தெடுக்கிறார். அழைப்பவர் கைப்பேசிக் கேமராவில் விபத்து இடத்தை நேரில் காட்டும் வசதியும் பிரிட்டனில் வந்துவிட்டது. இங்கே, அழைப்பு எடுத்தது, வண்டி கிளம்பியது, இடத்தை அடைந்தது, நோயாளியின் பக்கத்தில் போய் நின்றது, அங்கிருந்து புறப்பட்டது, மருத்துவமனை சேர்ந்தது என்று நேரங்களைத் தனித்தனியாகப் பிரித்துப் பார்த்தால், நிமிடங்கள் எங்கே கரைகின்றன என்று தெரியும். அடுக்குமாடியில் லிஃப்டுக்குக் காத்திருக்கும் நேரம் சாலை நெரிசலைவிட அதிகமாகக்கூட இருக்கலாம்.

ஆசியாவில் இப்படி எண்ணியவர்கள் இருக்கிறார்கள். பாரோஸ் என்ற கூட்டாய்வில் மலேசியாவும் சேர்ந்து, மருத்துவமனைக்கு வெளியே இதயம் நின்ற 66,780 பேரின் விவரங்களை ஏழு நாடுகளிலிருந்து ஒரே படிவத்தில் திரட்டி 2015இல் வெளியிட்டது. பிழைத்தவர்கள் ஓரிடத்தில் 0.5 விழுக்காடு, இன்னோரிடத்தில் 8.5. ஒரே படிவம் என்பதால்தான் இந்த ஒப்பீடே முடிந்தது. மருத்துவர் செல்லும் வான் குழுக்களுக்கும் இப்படி ஒரு பொதுப் படிவம் ஐரோப்பாவில் 2011 முதல் இருக்கிறது. அதைக் கற்றுக்கொள்வது அவளுக்கு நல்ல முதல் பாடம்.

நடைமுறையும் சொல்லிவிடுகிறேன். சுகாதார அமைச்சின் மருத்துவமனையில் எந்த ஆய்வு செய்தாலும் தேசிய மருத்துவ ஆய்வுப் பதிவேட்டில் பதிய வேண்டும், நெறிமுறைக் குழுவின் ஒப்புதல் வாங்க வேண்டும். மாணவி தனியாகச் செய்ய முடியாது. அவசர மருத்துவ நிபுணர் ஒருவர் மேற்பார்வையாளராக வேண்டும். பயிற்சிக்குப் போகும் இடத்தில் அப்படி ஒருவரை அவள் தேடிக்கொள்ளட்டும். தலைக்காயத்தோடு ஆம்புலன்ஸில் வந்தவர்களின் படிவங்களில் ஆக்சிஜன் அளவு, இரத்த அழுத்தம், நிமிடத்துக்கு எத்தனை முறை மூச்சுக் கொடுக்கப்பட்டது ஆகிய மூன்றும் எத்தனை படிவங்களில் எழுதப்பட்டிருக்கின்றன என்று எண்ணலாமா என அவரிடம் கேட்கட்டும்.